பிரேசிலின் ஆரஞ்சுப் பவளம்: உடைக்க உடைக்கப் பெருகுமா?

அலைவாய்க்கரையான்

பிரேசில் கடற்கரையில் முக்குளிப்பவர்கள் உளியும் சுத்தியலுமாக இறங்கி, பாறையில் ஒட்டியிருக்கும் ஆரஞ்சு நிறப் பவளத்தைப் பெயர்த்தெடுக்கும் காணொளி ஒன்றைப் பார்த்தேன். பவளத்தைத் தொடாதே, மிதிக்காதே, காப்பாற்று என்றுதான் இத்தனை காலம் கேட்டு வந்திருக்கிறோம். ஒரு பவளத்தைக் கட்டுப்படுத்துவதற்கென்றே பிரேசில் அரசு 2018இல் தேசியத் திட்டம் வகுத்திருக்கிறது என்பது எனக்குப் புதிய செய்தி.

தேடிப் பார்த்ததில் டூபாஸ்ட்ரியா காக்சினியா, டூபாஸ்ட்ரியா டாகுசென்சிஸ் என்று இரண்டு இனங்களின் பெயர் கிடைத்தது. காணொளியின் கீழே ஒருவர், "உடைக்க உடைக்கத்தான் இது பெருகும், வேலையற்ற வேலை" என்று எழுதியிருந்தார். அது உண்மையா? இது எப்படித்தான் இனப்பெருக்கம் செய்கிறது? விவரம் தெரிந்தவர்கள் கொஞ்சம் விரிவாகவே சொல்லுங்கள். பள்ளிக்கூட உயிரியலுக்கு மேல் எனக்கு எதுவும் தெரியாது.

நெய்தல்மகள்

விரிவாகவே சொல்கிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் ஆள் யார் என்று பார்ப்போம். காக்சினியா இந்தியப் பெருங்கடலிலும் பசிபிக்கிலும் இயல்பாக வாழ்வது. பிரெஞ்சுக்காரரான லெசன் பத்தொன்பதாம் நூற்றாண்டில் போரா போரா தீவில் கிடைத்த மாதிரியை வைத்து இதற்குப் பெயரிட்டார். டாகுசென்சிஸ் கலாபகோஸ் தீவுகளிலிருந்து 1982இல் விவரிக்கப்பட்டது. அட்லாண்டிக்கில் இரண்டுமே அந்நியர்கள். 1943இலேயே கரீபியனில் குராசாவ், போர்ட்டோ ரிக்கோ பகுதிகளில் காக்சினியா பதிவாகிவிட்டது. பிரேசிலில் 1980களின் இறுதியில் ரியோ மாநிலத்தின் வடக்கே, காம்போஸ் படுகையின் எண்ணெய் மேடைகளில் தென்பட்டது. அதன் பிறகு இலா கிராண்டே விரிகுடாவின் பாறைகளுக்கு வந்தது.

நமக்குப் பழக்கமான பவளங்களின் திசுவுக்குள் பாசிகள் வாழும். அந்தப் பாசிகள் ஒளிச்சேர்க்கை செய்து பவளத்துக்கு உணவு தருகின்றன. இதற்குள் பாசி கிடையாது. மிதவை உயிரிகளைப் பிடித்துத் தின்றே வாழ்கிறது. ஆகவே வெளிச்சம் தேவையில்லை. பாறையின் அடிப்பக்கம், குகையின் கூரை, கப்பலின் அடிவயிறு எல்லாமே அதற்கு வீடுதான்.

இனி இனப்பெருக்கம். கோஸ்டா ரிக்கா, பனாமா, கலாபகோஸ் பகுதிகளில் 1985 முதல் 2006 வரை வெவ்வேறு காலங்களில் நடந்த ஆய்வு ஒன்று இருக்கிறது. இந்தப் பவளத்தைப் பற்றிப் பேசும்போது நான் முதலில் கையில் எடுப்பது அதைத்தான். பவளம் என்பது பாலிப் எனப்படும் குட்டி உயிர்கள் ஒட்டி வாழும் கூட்டம். இதில் ஒரு பாலிப்பின் விட்டம் 0.8 முதல் 1 சென்டிமீட்டர். இரண்டிலிருந்து பத்துப் பாலிப்களே கொண்ட குட்டிக் கூட்டங்களில்கூட முட்டையும் லார்வாவும் இருந்தன. அதாவது விரல் நுனியளவு இருக்கும்போதே அது தாயாகிவிடுகிறது. முட்டைகள் ஆண்டு முழுவதும் உண்டாகின்றன. நுண்ணோக்கியில் ஆராய்ந்த 424 கூட்டங்களில் 13.7 சதவீதத்தில் முட்டையும் விந்தும் ஒருசேர இருந்தன. சில கூட்டங்கள் முழுநிலவு கழிந்த முதல் இரவிலிருந்து ஐந்தாம் இரவு வரை விந்தைக் கடலில் விட்டன. ஆகவே கூட்டத்துக்குக் கூட்டம் கலப்புக் கருவுறுதல் நடக்க வாய்ப்பு இருக்கிறது.

மன்னார் வளைகுடாவில் அக்ரோபோரா பவளங்கள் மார்ச் மாத வாக்கில் முட்டையையும் விந்தையும் ஒட்டுமொத்தமாகக் கடலில் கொட்டுவதைப் பற்றிப் படித்திருப்பீர்கள். அங்கே கருவுறுதல் வெளியே, நீரில் நடக்கிறது. பெரும்பகுதி மீனுக்கு இரையாகும், மிச்சம் நீரோட்டத்தில் சிதறும். டூபாஸ்ட்ரியா முட்டையை வெளியே விடுவதில்லை. கரு பாலிப்பின் உடற்குழிக்குள்ளேயே வளர்கிறது. கருவுற்றதிலிருந்து சுமார் ஆறு வாரத்தில் லார்வா வாய் வழியாக வெளிவருகிறது. பிளானுலா என்று சொல்லப்படும் அந்த லார்வா அரை மில்லிமீட்டரிலிருந்து ஒன்றரை மில்லிமீட்டர் நீளம் இருக்கும். உடலைச் சுற்றி நுண்ணிய மயிரிழைகள். அவற்றை அசைத்து நீந்தும். வெளிவந்த ஒன்று முதல் மூன்று நாளிலேயே பல வகைப் பரப்புகளில் ஒட்டி உருமாறிவிடுவதை அந்த ஆய்வில் கண்டார்கள். ஒட்ட இடம் கிடைக்காவிட்டால் இரண்டு வாரம் வரை தாக்குப்பிடிக்கும் என்பது மற்ற ஆய்வுகளிலிருந்து தெரிகிறது.

ஒட்டியபின் லார்வா தட்டையாகி, வாயும் உணர்நீட்சிகளும் கொண்ட முதல் பாலிப்பாக மாறுகிறது. அடியில் கால்சியம் கார்பனேட் கிண்ணம் உருவாகிறது. கிண்ணத்தின் பக்கவாட்டில் அடுத்த பாலிப் மொட்டு விடுகிறது, அதன் பக்கத்தில் இன்னொன்று. இரண்டாம் பாலிப் வந்த கொஞ்ச காலத்தில் முட்டையும் வந்துவிடலாம் என்பதைத்தான் மேலே சொன்னேன்.

உடைந்தால் என்ன ஆகும் என்ற உங்கள் கேள்வி தனிக்கதை. அதற்கு இரவு வருகிறேன்.

மீன்தொட்டி_சிங்கை

நெய்தல்மகள் அம்மாவுக்கு ஒரு சந்தேகம். முறையான அனுமதிச் சான்றோடு விற்கும் கடையில் இந்தப் பவளத்தை வாங்கி வளர்க்கிறேன். வீட்டுத் தொட்டியில் இதை வளர்ப்பவர்களுக்குத் தெரியும், ஒவ்வொரு பாலிப்புக்கும் தனித்தனியாக இறால் துணுக்கு ஊட்ட வேண்டும். ஊட்டாவிட்டால் மெல்ல மெலிந்து சாகும். பகலில் பொத்தான்போல் மூடிக் கிடக்கும், விளக்கை அணைத்தால் விரியும்.

என்னிடம் இருப்பது ஒரே ஒரு கூட்டம். ஆனால் பம்புக் குழாயின் உள்பக்கத்திலும் தொட்டியின் பின்சுவரிலும் குட்டிப் பாலிப்கள் முளைத்திருக்கின்றன. துணை இல்லாமல் இது எப்படி நடக்கிறது? தன் விந்தாலேயே தன் முட்டையைக் கருவுறச் செய்துகொள்கிறதா?

நெய்தல்மகள்

நல்ல இடத்தில் கை வைத்தீர்கள். தற்கருவுறுதல் ஒரு சாத்தியம். ஆனால் அதைவிட வினோதமான ஒன்று இருக்கிறது. 1986இல் ஆஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பவளத்திட்டில் காக்சினியாவின் லார்வாக்களையும் தாய்க் கூட்டங்களையும் மரபியல் முறையில் ஒப்பிட்டார்கள். லார்வா தாயின் அச்சு நகலாக இருந்தது. பால் கலப்பே இல்லாமல் பாலிப்புக்குள் பிளானுலா உண்டாகிறது என்பதுதான் அவர்கள் வந்த முடிவு. பார்வைக்கு எல்லாம் இனச்சேர்க்கையில் பிறந்த லார்வா மாதிரியே இருக்கும், நீந்தும், ஒட்டும். ஆனால் அது குளோன்.

பிரேசில் ஆய்வாளர்கள் 2017இல் தங்கள் கடலில் இருக்கும் டூபாஸ்ட்ரியாக்களின் மரபணுவைப் பார்த்தபோதும் இதே கதைதான் வந்தது. இடம் இடமாக ஒரே மரபணு வகை திரும்பத் திரும்ப வந்தது. பாலிலா இனப்பெருக்கமே அங்கே மேலோங்கி நிற்கிறது என்று எழுதினார்கள். புதிய கடலுக்கு ஒரே ஒரு கூட்டம் போய்ச் சேர்ந்தாலும் போதும், துணைக்குக் காத்திருக்கத் தேவையில்லை. உங்கள் தொட்டியில் நடந்தது இதுதானா, தற்கருவுறுதலா என்பதை மரபணு பார்க்காமல் சொல்ல முடியாது.

இனி, உடைப்பது.

மூன்று விஷயங்கள் இருக்கின்றன. ஒன்று, கூட்டம் உடைந்து விழுந்தால் துண்டு சாவதில்லை. விழுந்த இடம் ஒத்துவந்தால் அங்கேயே ஒட்டி வளரும். முருங்கைப் போத்தை வெட்டி மண்ணில் ஊன்றுகிற மாதிரிதான், ஆனால் இங்கே ஊன்றவும் ஆள் வேண்டாம். இரண்டு, பாலிப் வெளியேற்றம். சூழல் மோசமானால் பாலிப் தன் சுண்ணக் கூட்டைக் கைவிட்டுக் கழன்று மிதந்துபோய் வேறிடத்தில் ஒட்ட முயலும். 1982இல் வேறொரு பவளத்தில் முதன்முதலில் விவரிக்கப்பட்ட இந்த நடத்தை, 2014இல் காக்சினியாவிலும் பதிவானது. மூன்றாவதுதான் எனக்கே நம்பச் சிரமமாக இருந்தது. 2018இல் வந்த ஆய்வில், வாயோ உணர்நீட்சியோ இல்லாத வெறும் திசுத் துணுக்கிலிருந்து முழுப் பாலிப் மீண்டும் உருவானது. இரண்டு இனங்களிலும்.

இவை போக, நெருக்கடியில் ஒரு மெல்லிய நீட்சியை வெளியே விட்டு, சற்றுத் தள்ளிப் புதிய பாலிப்பைத் தொடங்குவதையும் 2005இல் கவனித்திருக்கிறார்கள்.

ஆகவே காணொளியின் கீழே எழுதியவர் சொன்னதில் பாதி உண்மை. உளியால் தட்டித் துண்டுகளைக் கீழே சிந்தவிட்டால் பெருகும். பையில் பிடித்துக் கரைக்குக் கொண்டுவந்தால் பெருகாது.

கப்பல்பட்டறை

அம்மா சொன்ன உயிரியல் எல்லாம் சரி. ஆனால் இவ்வளவு திறமை இருந்தும் ஒன்றரை மில்லிமீட்டர் லார்வா பசிபிக்கிலிருந்து பிரேசிலுக்கு நீந்தி வரவில்லை. மூன்று நாளிலோ இரண்டு வாரத்திலோ அது எவ்வளவு தூரம் போகும்? அதை ஏற்றிக்கொண்டு வந்தவர்கள் நாங்கள். நாங்கள் என்றால் கப்பல் தொழில்.

கப்பலை நீருக்கு வெளியே நிறுத்திப் பழுதுபார்க்கும் உலர் துறையில் கப்பலின் அடிப்பகுதியை ஆய்வு செய்வது என் வேலை. ஓடிக்கொண்டே இருக்கும் சரக்குக் கப்பலில் பவளம் தங்குவது கடினம், வேகம் அதைத் தங்கவிடாது. துரப்பண மேடை அப்படியல்ல. ஒரே இடத்தில் ஆண்டுக்கணக்கில் நிற்கும். பிறகு இழுவைப் படகு ஆமை வேகத்தில் இழுத்துப் போகும். கூட்டம் கூட்டமாக உயிரோடு, முட்டையும் லார்வாவுமாக, அடுத்த நாட்டுக் கரைக்குப் போய் இறங்குகிறது. கப்பல்களிலும் ஒதுக்குப்புறங்கள் உண்டு. குளிர்விக்கும் நீரை உள்ளிழுக்கும் பெட்டி, சுக்கான் மூட்டு, உலர் துறையில் கட்டை முட்டுக் கொடுத்ததால் வண்ணம் பூசாமல் விட்ட திட்டுகள். நான் டார்ச் அடித்துப் பார்க்கும் முதல் இடங்கள் அவைதான்.

கப்பல் ஆடாமல் நிற்கத் தொட்டியில் ஏற்றும் நிலைநீரைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். அதற்கு 2004இல் உடன்படிக்கை வந்து 2017இல் நடைமுறைக்கும் வந்துவிட்டது. அடிப்பகுதியில் ஒட்டி வருவதற்கு இன்றுவரை இருப்பது சர்வதேசக் கடல்சார் அமைப்பின் வழிகாட்டுதல்கள் மட்டும். 2011இல் வெளியிட்டார்கள், 2023இல் திருத்தினார்கள். வழிகாட்டுதல் என்றால் கட்டாயமில்லை. இந்தப் பவளத்தின் விஷயத்தில் குற்றவாளி நிலைநீர்த் தொட்டியல்ல, அடிப்பகுதிதான்.

ஒருமுறை ஒரு உரிமையாளர் தரப்பு, உலர் துறைச் செலவை மிச்சம் பிடிக்கத் தீவோரம் நங்கூரமிட்டு நீருக்கடியிலேயே சுரண்டச் சொன்னது. சுரண்டியது எங்கே போகும் என்று கேட்டேன். "கடலுக்குத்தானே" என்றார்கள். மேலே அம்மா சொன்ன திசுத் துணுக்குக் கணக்கை அவர்களிடம் காட்டியிருக்க வேண்டும்.

மெக்சிகோ வளைகுடாவிலும் இதே கதைதான். டெக்சாஸுக்கு அப்பாலுள்ள ஃபிளவர் கார்டன் பவளத்திட்டுகளில் காக்சினியா 2002இல் காணப்பட்டது. 2006இல் மிசிசிபி முகத்துவாரத்துக்கு அப்பால் ஒரு மேடையில் டூபாஸ்ட்ரியா மைக்ராந்தஸ் என்ற கரும்பச்சை நிற உறவுக்காரரும் வந்து சேர்ந்தார்.

மாற்றுக்கரை

எனக்கு இந்த "ஆக்கிரமிப்பு" பேச்சே ஒப்பவில்லை. கடல் சூடாகி உலகமெங்கும் பவளம் தன் பாசியை இழந்து வெளிறிச் சாகிறது. பாசியை நம்பாத, வெளிறாத ஒரு பவளம் தழைக்கிறது என்றால் சந்தோஷப்படாமல் சுத்தியலை எடுப்பானேன்? யாரை அந்நியர் என்று முடிவு செய்வதிலும் அறிஞர்கள் சறுக்கியிருக்கிறார்கள். மத்தியதரைக் கடலின் ஆக்குலினா படகோனிகா என்ற பவளம் 1966இல் இத்தாலிக் கரையில் கண்டெடுக்கப்பட்டபோது தென் அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்தது என்றார்கள். பல பத்தாண்டுகள் அதை ஆக்கிரமிப்பாளர் என்றே எழுதினார்கள். 2015இல் மரபணுவைப் பார்த்தால், மேற்கு அட்லாண்டிக்கிலிருந்து அண்மையில் வந்ததே இல்லை என்று தெரிந்தது. ஹவாயின் கரிஜோவா ரைசி என்ற மென்பவளமும் அப்படித்தான். கரீபியனிலிருந்து வந்தது என்ற கதை 2010இல் ஆட்டம் கண்டது.

நெய்தல்மகள்

மாற்றுக்கரை ஐயா, ஆக்குலினா உதாரணம் மிகச் சரியானது. அதைச் சொன்னதற்கு நன்றி. ஆனால் அதை இங்கே பொருத்த முடியாது. எண்ணெய் மேடையில் முதலில், பக்கத்துப் பாறையில் பிறகு, அதுவும் ஒரு சில குளோன்களாக என்ற வரிசை பிரேசிலில் தெளிவாகவே இருக்கிறது.

தழைப்பது நல்லதுதானே என்கிறீர்கள். டூபாஸ்ட்ரியா பவளத்திட்டு கட்டாது. கிண்ணம் கிண்ணமாகப் பாறையை மூடும், அவ்வளவுதான். பிரேசிலில் முஸ்ஸிஸ்மிலியா ஹிஸ்பிடா என்று ஒரு மூளைப் பவளம் இருக்கிறது. அந்தப் பேரினம் உலகில் வேறெங்கும் கிடையாது. டூபாஸ்ட்ரியா அதன் பக்கத்தில் வளர்ந்து தொடும் இடத்தில் அதன் திசு அழுகிப்போவதை 2006இலேயே பதிவு செய்திருக்கிறார்கள். வெளிறாத ஒன்று வெளிறும் ஒன்றின் இடத்தைப் பிடித்தால் நமக்கு மிஞ்சுவது அழகான ஆரஞ்சு நிறச் சுவர். பவளத்திட்டு மிஞ்சாது.

கரிஜோவா எங்கிருந்து வந்தது என்பதில் தகராறு இருக்கலாம். அது என்ன செய்தது என்பதில் இல்லை. 2001இல் மாவி தீவுக்கருகே ஆழ்கடலில் பார்த்தபோது 75 மீட்டருக்குக் கீழே கருப்புப் பவளங்களில் பாதிக்கு மேல் அதன் போர்வைக்குள் கிடந்தன. நம் பக்கம் கோவாவின் கிராண்ட் தீவிலும் அது பதிவாகியிருக்கிறது.

பாக்நீரிணை

வேடிக்கை பாருங்கள். டூபாஸ்ட்ரியா நம் மன்னார் வளைகுடாவின் சொந்தக் குடிமகன். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணை எல்லாக் கடினப் பவளங்களையும் காக்கிறது. பிரேசிலில் உளி எடுத்தால் கடலைக் காத்தவர் என்று பாராட்டு, இங்கே அதே உளியை எடுத்தால் வழக்கு.

அந்நியர் என்ற பேச்சு வந்தால் எங்கள் பக்கத்தில் ஞாபகம் வருவது கப்பாபைகஸ் என்ற கடற்பாசி. பிலிப்பைன்ஸ் சரக்கு. உணவைக் கெட்டியாக்கச் சேர்க்கும் கேராஜீனன் என்ற பொருளை எடுப்பதற்காக ராமநாதபுரம் கரையில் மூங்கில் மிதவையில் கட்டி வளர்க்கிறார்கள். குருசடைத் தீவின் பவளத்தின் மேல் அது படர்ந்துவிட்டதை 2008இல் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். அதுவும் முறிந்த துண்டிலிருந்துதான் பரவுகிறது, அலை முறித்துக் கொடுக்கிறது. மிதவை கட்டும் பெண்களுக்கு அதுதான் வருமானம் என்பதால் ஊரில் இதைப் பற்றிப் பேசினால் சண்டையில்தான் முடியும். பிரேசிலில் எண்ணெய் மேடையை நம்பிப் பிழைப்பவர்களிடம் பவளத்தைப் பற்றிப் பேசினாலும் அப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

கொட்டியாரக்குடா

இலங்கையிலிருந்து எழுதுகிறேன். எங்கள் கரையில் நிழல் விழும் பாறைகளிலும் மூழ்கிய கப்பல்களிலும் இந்தப் பவளம் இருக்கிறது, ஆனால் மற்றவற்றை விழுங்கிக்கொண்டு பரவவில்லை. அதே உயிரினம் ஒரு கடலில் அடக்கமாகவும் இன்னொன்றில் அடங்காமலும் இருப்பது ஏன்?

நெய்தல்மகள்

ஒரு காரணம், சொந்தக் கடலில் அதைத் தின்பவர்கள் இருக்கிறார்கள். எபிட்டோனியம் பில்லீயானம் என்ற மஞ்சள் நத்தை இதன் மேலேயே வாழ்ந்து, இதையே தின்று, இதன் மேலேயே முட்டையிடும். ஃபெஸ்டில்லா மெலனோபிராக்கியா என்ற ஓடில்லா நத்தையும் அப்படித்தான், தின்ற பவளத்தின் நிறமே அதன் உடலில் ஏறிவிடும். அதுவன்றி, நூற்றுக்கணக்கான பவள இனங்களோடு போட்டியிட வேண்டிய கடல் நம்முடையது. தென் அட்லாண்டிக்கின் பவள இனங்கள் மிகக் குறைவு.

அலைவாய்க்கரையான்

அப்படியானால் அந்த நத்தையைக் கொண்டுபோய்ப் பிரேசிலில் விட்டால்?

கப்பல்பட்டறை

வேண்டாம் தம்பி. பிறகு நத்தைக்கு ஒரு திட்டம் போட வேண்டும்.

நெய்தல்மகள்

கப்பல்பட்டறை அண்ணன் சொன்னதே பதில். கடலில் விட்டதைத் திரும்பப் பிடிக்க முடியாது.

இப்போது உங்கள் முதல் கேள்விக்கு வருகிறேன். இந்தப் பவளத்தைக் கட்டுப்படுத்த பிரேசிலில் 2006இல் தொடங்கிய கோரல்-சோல் திட்டத்தார் உட்படப் பல குழுக்கள் கையால் பெயர்த்தெடுப்பதையே முதன்மையாகச் செய்கின்றன. மேலே சொன்ன வாழ்க்கைச் சுழற்சியை வைத்துப் பார்த்தால் எது பயன்படும் என்று நாமே சொல்லிவிடலாம். பெரிய கூட்டத்தை மட்டும் எடுத்தால் போதாது, இரண்டு பாலிப் குட்டியும் தாய்தான். சுரண்டிய இடத்தில் திசு மிஞ்சக் கூடாது. துண்டுகள் பைக்குள் விழ வேண்டும். லார்வா ஆண்டு முழுவதும் வரக்கூடும் என்பதால் ஒருமுறை எடுத்த பாறைக்குத் திரும்பத் திரும்பப் போக வேண்டும். கூட்டம் கூட்டமாக மூடிய பாறையாக இருந்தால் பிளாஸ்டிக் சாக்கால் சுற்றிக் கட்டி மூச்சும் உணவும் கிடைக்காமல் சாகவிடும் முறையை 2015இல் சோதித்தார்கள். நன்னீரும் கொல்லும், சில மணி நேரம் மூழ்க வைத்தால் போதும். உப்புத்தன்மை குறைவதை அதனால் தாங்க முடியாது. பெயர்த்துக் கொண்டுவந்ததைக் கரையில் கொல்வதற்கு அது எளிய வழி. கருவிகளையும் பைகளையும்கூட நன்னீரில் அலசிவிட்டுத்தான் அடுத்த இடத்தில் இறங்க வேண்டும்.

சிறிய தீவு, புதிதாக வந்த சில கூட்டங்கள் என்றால் இது பலன் தரும். இலா கிராண்டே விரிகுடா முழுவதையும் பழைய நிலைக்குக் கொண்டுவருவது என்றால் எனக்கு நம்பிக்கை இல்லை.

மாற்றுக்கரை

அப்படியானால் உளிக்குச் செலவிடும் பணத்தை மேடைகளின் மேல் செலவிடலாமே. வேரை விட்டு இலையைக் கிள்ளுவது எதற்கு?

கப்பல்பட்டறை

இதில் நான் உங்கள் கட்சி. ஆனால் அது சொல்கிற அளவுக்குச் சுலபமில்லை. பிரேசிலின் பழைய மேடைகள் பல இப்போது கழற்றப்படும் வயதுக்கு வந்துவிட்டன. அடியில் இந்தப் பவளம் அடர்ந்திருக்கும் மேடையைக் கரையோர உடைப்புத் தளத்துக்கு இழுத்து வந்தால், வழியெல்லாம் விதைத்துக்கொண்டே வருகிறோம். அங்கேயே நிறுத்திச் சுரண்டினால் துண்டுகள் கீழே போகும். எண்ணெய் வயலின் ஆழ்கடல் தரையில் அவை பிழைக்காது என்று ஒரு தரப்பு வாதிடுகிறது. பாதி வழியில் நீரோட்டம் அவற்றை எங்கே கொண்டுபோகும் என்பது மறுதரப்பின் கேள்வி. முழு மேடையையும் பாரம் தூக்கும் கப்பலில் ஏற்றி, நீருக்கு வெளியே காயவிட்டுக் கொண்டுவரலாம். காற்றில் நாள்கணக்கில் கிடந்தால் பவளம் செத்துவிடும், அதில் சந்தேகமில்லை. செலவைக் கேட்டால் உரிமையாளர் செத்துவிடுவார்.

பாக்நீரிணை

அந்தப் பாரம் தூக்கும் கப்பலின் வாடகை எந்தத் தலையில் விழும்? மேடை வைத்தவர் தலையிலா, அரசின் தலையிலா?

கப்பல்பட்டறை

உரிமம் கொடுக்கும்போதே நிபந்தனையாக எழுதிவிட்டால் மேடை வைத்தவர் தலையில். எழுதாமல் விட்டால் உளி பிடிக்கும் முக்குளிப்பவர் தலையில்.